பூவும் வாய்மையும்



சிவபூசைக்குப் புறப்பூவேயன்றி அகப்பூவும் வேண்டும். கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு எனும் எட்டும் அகப்பூக்களாம். இவற்றுள் வாய்மையென்னும் பூவை அடியேன் ஒருநாள் வகுப்பறையில் வாடவிட்டேன். அதனை ஈண்டு மறையாது கூறுகின்றேன்.

அடியேன் மிஷன் பாடசாலையிலே பூவின் உறுப்புக்களை ஆங்கிலப் புத்தகத்துப் படம் பார்த்து மனனஞ் செய்தவன். ஒரு பூவையேனும் பிரித்துப் பார்த்தவனல்லன். ஆசிரியனாகியபின், ஒரு மாணவன் வேலியிற் படர்ந்த போகன்வில்லாவைக் கொணர்ந்து, "ஐயா, இதற்கு இதழ் எத்தனை?" என்று வினவினான். "மூன்று" என்றேன். அவன் சென்றபின்னரே உற்று நோக்கினேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடியிற் சிவந்து தோன்றும் மூன்றும் இதழல்ல. பூவைச் சூழ்ந்த இலைகளே. அவை ஒவ்வொன்றிலும் மெல்லிய குழல்போன்ற சிறுபூ ஒன்று ஒட்டியிருந்தது. அக்குழலும் புல்லியேயாம், அப்பூவுக்கு இதழே இல்லை!

மறுநாள் வகுப்பின்முன் நின்று, "நேற்று யான் கூறியது பிழை" என்றேன். நாணம் பெரிதாயிருந்தது. ஆயினும் மாணவர் நகைத்திலர். ஆளுக்கொரு பூவை எடுத்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினர்.

செவ்வரத்தையைக் கையிற் கொடுத்துக் கற்பியுங்கள். புறத்தே சிறு பச்சையிலைகள் ஒரு வட்டம். அதனுள் ஐந்து பிளவுள்ள புல்லி. அதனுள் ஐந்து இதழ். நடுவே கேசரங்களெல்லாங் கூடிய ஒரு குழல். அக்குழலினூடே தம்பஞ் சென்று, நுனியில் ஐந்து குறிகளாய்ப் பிரியும்.

பெயரையும் ஆராய்க. ஈழத்தலரி நம் நாட்டின் பெயரைத் தாங்கினும், அதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாம். தாவரநூலார் அதனைப் புளுமேரியா என்பது, பிளூமியே (1646–1704) என்னும் பிரெஞ்சுத் துறவியின் நினைவாகவே. கடல் கடந்து வந்ததென்று கோயில் நந்தவனங்கள் அதனைத் தள்ளவில்லை. பிறப்பிடத்தை உள்ளவாறு உரைப்பதனால் அதன் மணங் குறைவதுமில்லை.

பாடத்தின் பொருட்டுப் பூசைப்பூவைப் பறித்தல் வேண்டா. நிலத்தில் உதிர்ந்த பூ பொதுவாகப் பூசைக்காகாது. பாடத்துக்கு நன்கு ஆகும். காலையில் அதனை மாணவர் பொறுக்கி வரட்டும். அவர் வினாவுக்கு விடை தெரியாதாயின், "பிரித்துப் பார்ப்போம்" என்று சொல்லுதற்கு நாம் நாணாதிருப்போமாக. அறிவும் வாய்மையுமாகிய இரு பூக்களும் அச்சொல்லிலே ஒருங்கே மலரும்.

திருச்சிற்றம்பலம்.