எதற்குப் போனாய்?

தமிழில் ஒரு பெண்ணை வைய நினைப்பவர்கள் பெரும்பாலும் அவள் கால்களில்தான் கைவைப்பார்கள். நடப்பதிலிருந்து பிறந்த சொல் நடத்தை. ஊர் வாயில் அது ‘கெட்டுப்போவது’ அநேகமாகப் பெண்ணுக்குத்தான். ஓடுவதிலிருந்து ஓடுகாலி. சுற்றுவதிலிருந்து ஊர்சுற்றி. ஆண் ஊர்சுற்றினால் பொறுப்பில்லாதவன், ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுவான். பெண் ஊர்சுற்றினால் அவளுக்குக் கல்யாணமே ஆகாது. வகுப்பில் ஆண்டுக்கணக்காகச் சொற்பிறப்பு சொல்லிக்கொடுத்தும் இந்த மூன்று சொற்களையும் நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. பார்த்தது சிங்கப்பூரில், மரினா நீர்த்தேக்கத்தின் கரையில் மூச்சு வாங்க நின்ற ஓர் இரவில்.

கோடை விடுமுறைக்குப் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மரினா நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் கடல். சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் வந்து சேர்ந்த கழிமுகத்தின் வாயில், 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே அணை கட்டி 2008இல் திறந்தார்கள். பெய்த மழையெல்லாம் சேர்ந்து உப்பு மெல்ல வெளியேற, 2010இல் அது நன்னீர் ஏரியாகிவிட்டது. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழும் மழை இதற்குள் வந்து சேர்கிறது. அணையில் ஒன்பது எஃகு மதகுகள். பெருமழை பெய்தால், கடல் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மதகைத் திறந்து நீரை விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் மதகைத் திறக்காமல் இறைப்பான்களை வைத்து வெளியேற்றுகிறார்கள். அணைக்கட்டின் கூரை ஒரு புல்வெளி. சாயங்காலத்தில் அங்கே பட்டம் விடுவார்கள். அங்கிருந்து தஞ்சோங் ரூ, காலாங் படுகை, ஹெலிக்ஸ் பாலம், கரையோரப் பூந்தோட்டம் என்று நீரை ஒட்டியே போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

முதல் மூன்று இரவுகள் வீட்டுச் சாவியை விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் காலடி கேட்டால் ஓரமாக ஒதுங்கி நின்று செல்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். நான்காம் நாள் வீடு திரும்பிய பிறகுதான் சாவி பையிலேயே இருந்தது தெரிந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை நின்று பார்க்கவில்லை, என்னைத் தவிர.

ஊரில் நான் நடப்பதில்லையா? நடக்கிறேன், விடிகாலையில், கல்லூரி மைதானத்தில், டாக்டர் சொன்னார் என்பதால். என்னோடு நடக்கிற பெண்கள் பலருக்கும் சர்க்கரை அல்லது ரத்தக்கொதிப்பு. நோய் வந்த பிறகுதான் நம் வீடுகளில் பெண்ணுக்கு நடக்க அனுமதி கிடைக்கிறது. அதற்கு முன் அவள் வெளியே போக வேண்டுமானால் கையில் ஒரு பை இருக்க வேண்டும். காய் வாங்க, ரேஷனுக்கு, கோயிலுக்கு, பிள்ளையை அழைத்துவர. “எங்கே போனே?” என்ற கேள்விக்கு ஒரு ஊர்ப்பெயரைச் சொல்லிவிடலாம். “எதுக்குப் போனே?” என்று கேட்டால்தான் ஒரு பயனைக் காட்ட வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்களிலும் பெண்கள் நடக்கிறார்கள். உடன்போக்கில் தலைவியின் காலுக்காகத் தாய்மார் அழுகிறார்கள். அகநானூற்றில் ஔவையார், தேடிப் புறப்பட நினைக்கும் ஒரு பெண்ணுக்கு உவமையாக வெள்ளிவீதியைப் பெயர் சொல்லியே காட்டுகிறார். சக புலவரை ஒரு புலவர் நினைவுகூர்ந்த அந்த இடம் எனக்கு எப்போதும் பிடித்தது. ஆனால் அவளுடைய பயணத்துக்கும் பிரிந்த தலைவன் என்றொரு காரணம் வேண்டியிருந்தது. காரணமே இல்லாமல் நடந்த பெண்ணை நம் இலக்கியத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா வீட்டில் தங்கி வேலை செய்கிற பெண் புதுக்கோட்டைப் பக்கம். முப்பதைத் தாண்டியவள். நான் வியர்த்துப் போய்த் திரும்பும்போது கதவைத் திறந்துவிடுவாள். ஒரு நாள் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “அக்கா, அங்க என்ன இருக்கு?” “ஏரி.” “அதச் சுத்திட்டு?” “திரும்பி வந்துடுவேன்.” “அவ்வளவுதானா?” அவள் சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஓடிய நேரத்தில் என் மகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைத்தது அவள்தான். நான்காண்டாக அந்தத் தீவில் இருக்கிறாள். அந்தத் தண்ணீரை அவள் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை.

சிங்கப்பூரில் இவளைப்போல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். வேலைவாய்ப்புச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. வார ஓய்வுநாள் என்ற விதியே 2013இல்தான் வந்தது. அதையும் இருவரும் சம்மதித்தால் கூலியாக மாற்றிக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு நாளையாவது பணமாக மாற்றாமல் விட்டேயாக வேண்டும் என்றானது 2023 ஜனவரியிலிருந்து. மலேசியரல்லாத ஒரு பணிப்பெண்ணுக்காக வீட்டுக்காரர் 5,000 வெள்ளிக்குப் பிணை தரவேண்டும். அவள் காணாமல் போனால் அதில் ஒரு பகுதியோ முழுவதுமோ போய்விடும். ஓடுகாலி என்ற சொல்லுக்கு இங்கே ஒரு விலையும் இருக்கிறது.

அக்கா கெட்டவள் இல்லை. சம்பளம் நாள் தவறாமல் கொடுக்கிறாள், சாப்பாட்டில் பேதம் பார்ப்பதில்லை. “வெளிய விட்டா யாரோடயாவது பழகிடுவாளோன்னு பயமா இருக்குடி. அவ நல்லதுக்குத்தான்” என்றாள். இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் அம்மா எனக்குச் சொன்னது. அக்காவின் அம்மா அக்காவுக்குச் சொன்னது. நம் நடத்தைக்குக் காவலிருந்தவர்களிடமிருந்து தப்பி வந்த நாம், கையில் காசு வந்ததும் இன்னொருத்தியின் நடத்தைக்குக் காவலாகிவிடுகிறோம். ஓர் ஊர் பெண்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லும்போது எந்தப் பெண்களைக் கணக்கில் எடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சாவியை மறந்து ஓடிய அந்தப் பாதை எனக்குத் திறந்திருந்ததற்கு நல்ல காவல்துறை மட்டும் காரணமில்லை; எனக்காக ஒருத்தி வீட்டில் இருந்தாள்.

அதற்காக நான் ஓடாமல் இருந்திருக்க வேண்டுமா? சில தோழிகள் அப்படித்தான் வாதிடுவார்கள்: உலையும் விறகும் பார்க்கிற பெண்களுக்கு மத்தியில் ஏரியைச் சுற்றுவது வசதி படைத்தவளின் விளையாட்டு என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. குடத்தோடு இரண்டு மைல் நடக்கிறவளுக்கு நடை போதும் என்று சொல்வது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். அந்த நடை குடத்துக்குச் சொந்தமானது. அவள் கால் அவளுக்குச் சொந்தமாகிற நடை வேறு.

இதை எனக்குச் சொன்னதும் அவள்தான். அவளுடைய அம்மா அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியவர். 1991இல் தொடங்கிய அந்த எழுத்தறிவு இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், புதுக்கோட்டையின் கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிள் கற்றார்கள். தண்ணீர் கொண்டுவர, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளைகளைப் பள்ளிக்கு விட என்று அதன் பயன்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நானும் வகுப்பில் அதைத்தான் சொல்வேன். “அதெல்லாம் அப்பறந்தான் அக்கா. எங்கம்மா மொதல்ல கத்துக்கிட்டதும் கம்மாக்கரைல போயிட்டுப் போயிட்டு வருமாம், பொழுது சாயறவரைக்கும். அப்பா கேட்டா ஆட்டைத் தேடினேன்னு சொல்லுமாம்.”

அவளுடைய அந்த மாத ஓய்வுநாளில் இருவரும் போனோம். அணைக்கட்டின் அருகே சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு ஏறியதில்லை என்றாள். முதல் நூறடி தள்ளாடினாள். பிறகு என்னை விட்டுவிட்டுப் போனாள். மரத்தடிகளில் பிலிப்பீன்ஸ் பெண்களும் இந்தோனேசியப் பெண்களும் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பாயின் பக்கத்தில் அவள் நின்று ஏதோ பேசிச் சிரிப்பது தூரத்திலிருந்து தெரிந்தது. நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு சுத்து போயிட்டு வரவா?” என்று கேட்டாள். என்னிடம் எதற்குக் கேட்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டாள்.

திரும்பும்போது தேக்கா பக்கம் ஒரு காய்கறிக் கடையில் நின்று ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கினாள். அக்கா கதவைத் திறந்து, “எங்கடி போனீங்க இவ்வளவு நேரம்?” என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“தேக்காவுக்கு, அக்கா. கீரை நல்லா இருந்துச்சு” என்றாள் அவள்.

அன்று அவளுடைய ஓய்வுநாள். எதற்கும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத நாள். அக்கா என்னைப் பார்த்தாள். “ஆமா, கீரை வாங்கத்தான்” என்றேன் நான்.