வற்றாத ஆற்றலுக்கும் வரம்பு வேண்டுமா?

கடல்நீரில் கலந்துள்ள ஒரு பொருளைக் கொண்டு உலகோர்க்கெல்லாம் மலிவாக மின்சாரம் வழங்கும் நாள் வரப்போகிறது என்று அடிக்கடி படிக்கிறோம். அந்நாள் வந்துவிட்டால், ஆற்றலை எண்ணிச் செலவிடும் ஒழுக்கம் நமக்குத் தேவையற்றுப் போகுமா? இவ்வினா அறிவியலை மட்டும் சார்ந்ததன்று, அறத்தையும் சார்ந்தது. முதற்கண் அறிவியல் கூறுவதைக் காண்போம்.

பெரிய அணுக்கருவைப் பிளந்து ஆற்றல் பெறுவது கல்பாக்கம் போன்ற நிலையங்களில் நடைபெறுவது. சிறிய அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் பெறுவது அணுக்கரு இணைவு. கதிரவன் ஒளிர்வது இதனால்தான். கதிரவனின் நடுப்பகுதியில் வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி. அங்குள்ள பேரழுத்தம் பூமியில் இல்லாமையால், இங்கு 15 கோடி டிகிரி அளவிற்குச் சூடாக்க வேண்டியுள்ளது. அவ்வெப்பத்தைத் தாங்கும் கலம் எதுவும் இல்லை. ஆகவே காந்தப் புலத்தால் வேலியிட்டு, சுவரில் படாதவாறு நிறுத்துகின்றனர். இதில் கரிப்புகை இல்லை. உலை கட்டுமீறிப் பெருகும் அச்சமும் இல்லை. நோக்கம் நல்லதே.

ஆயின் வாக்குறுதிகளின் வரலாறு நம்மை எச்சரிக்கிறது. 1954-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், அடுத்த தலைமுறையினர் மீட்டர் வைத்து அளக்க வேண்டாத அளவு மலிவான மின்சாரத்தைப் பெறுவர் என்றார். 1955-இல் ஜெனீவா மாநாட்டிற்குத் தலைமையேற்ற நம் ஹோமி பாபா, இருபதாண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் கொணரும் வழி காணப்படும் என எதிர்பார்த்தார். இருபதாண்டுகள் மும்முறை கடந்துவிட்டன. அப்பெரியோர் பொய்யுரைத்தாரல்லர், நம்பிக்கையைக் கணக்கு என்று எண்ணிவிட்டனர்.

முன்னேற்றமே இல்லை என்பதும் உண்மையன்று. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் ஆற்றல் பெற்றனர். எனினும் அந்த லேசர்களை இயக்கச் செலவான மின்சாரம் ஏறத்தாழ 300 மெகாஜூல். 2023-இல் இங்கிலாந்தின் ஜெட் உலை 69 மெகாஜூல் தந்து சாதனை படைத்தது. நம் வீட்டு மின்கணக்கில் அது 19 யூனிட். அதற்கு ஊட்டிய ஆற்றலோ அதனினும் மிகுதி. பிரான்சு நாட்டில் இந்தியா உள்ளிட்டோர் கூடிக் கட்டும் ஈட்டர் உலை 2025-இல் இயங்கத் தொடங்கும் என்றனர். 2024-இல் அத்தவணை 2034-க்குத் தள்ளப்பட்டது. அதுவும் ஆய்வு உலையே, மின்சாரம் வழங்காது.

எரிபொருள் மலிவு என்பதால் மின்சாரமும் மலிவாகும் என்று கருதுதல் தவறு. மழைக்கு விலையில்லை, ஏரிக்கும் மதகுக்கும் வாய்க்காலுக்கும் செலவு உண்டு. டியூட்டீரியம் கடல்நீரில் கிடைக்கும். அதனுடன் சேரவேண்டிய டிரிட்டியமோ இயற்கையில் மிக அரிது. லித்தியத்திலிருந்து உலைக்குள்ளேயே ஆக்கிக்கொள்ள வேண்டும். பாய்ந்து தாக்கும் நியூட்ரான்களால் உலையின் உட்சுவர் சிதைந்துகொண்டே இருக்கும். அதனை மாற்றவும் வேண்டும். விலையைத் தீர்மானிப்பது உலையின் செலவேயன்றிக் கடல்நீர் அன்று.

சரி, இத்தடைகள் யாவும் நீங்கி மலிவான ஆற்றல் வந்துவிட்டதாகவே கொள்வோம். அப்போது என்ன நிகழும்? சிறு அளவில் இதனை நான் கண்டிருக்கிறேன்.

என் தந்தையார் கவலை பூட்டி நீர் இறைத்த காலம் நினைவில் உள்ளது. மாடுகள் களைத்தால் இறைப்பு நிற்கும். இரவில் கிணறு ஊறிக்கொள்ளும். பின்னர் மோட்டார் வந்தது. அதற்குரிய மின்சாரம் இலவசமும் ஆயிற்று. மோட்டார் களைப்பதில்லை. கேழ்வரகு விளைந்த நிலத்தில் கரும்பு நட்டோம். கிணற்றை ஆழப்படுத்தினோம், பிறகு ஆழ்குழாய் இறக்கினோம். அண்டை நிலத்தாரும் அவ்வாறே செய்தனர். இன்று மோட்டார் உண்டு, மின்சாரம் உண்டு. கோடையில் தண்ணீர் இல்லை. மின்சாரம் பிழை செய்யவில்லை. போதும் என்று சொல்ல அன்று மாடுகள் இருந்தன; அவை போனபின் அச்சொல்லை நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை.

1865-இல் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞரும் இதனையே சுட்டினார். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரங்கள் வந்தபின், நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடிற்று. பொருள் வரைதல் என்று நம் முன்னோர் விரதம் விதித்தது பொருள் அரிதாக இருந்தமையால் அன்று. ஆசைக்குத் தானாக ஓர் எல்லை அமையாமையால்.

ஆதலின் ஆய்வை நிறுத்துக என்கிறேனா? இல்லை. மின்விளக்கே காணாத மக்கள் இன்றும் பல கோடி உளர். அவர்க்கு ஒளி தரக்கூடிய எவ்வழியையும் தேடுதல் அறமே. ஆனால் வரப்போகும் உலையைக் காட்டி அவர்களைக் காத்திருக்கச் சொல்லுதல் அறமன்று. 2010-க்கும் 2020-க்கும் இடையே சூரியப் பலகைகளின் விலை பத்தில் ஒரு பங்காக வீழ்ந்துள்ளது. இன்று கைக்கெட்டும் வழியை இன்றே கொள்ளுதல் வேண்டும்.

இணைவு உலை வரும்போது வரட்டும். அது நமக்கு ஆற்றலைத் தரும். அளவறியும் அறிவைத் தராது. அதனை நாமே பழகிக்கொள்ள வேண்டும். அப்பழக்கத்திற்கு விலையும் இல்லை, தவணையும் இல்லை.