பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? திட்டமிடலும் தவக்குலும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் மே மாதத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே மாலையில் பதில் சொல்லிவிடுகிறோம். மச்சான் மகன் எடுத்த குரூப், பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த பள்ளி, மார்க்குக்குக் கிடைத்த சீட் என ஏதோ ஒன்று முடிவு செய்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, கல்லூரி கவுன்சலிங் சமயத்தில் துஆ கேட்டுப் பள்ளிவாசலுக்கு வருகிறோம். துஆ கேட்பது இபாதத். ஆனால் விதைக்கும் காலத்தில் நிலத்துப் பக்கமே போகாதவர் அறுவடைக்கு மட்டும் துஆ கேட்டால் அதை என்னவென்று சொல்வது?

"ரிஸ்க் அல்லாஹ் கையில் இருக்கிறது, இவ்வளவு கணக்குப் போட வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். "என் பிள்ளை டாக்டர்தான் ஆக வேண்டும்" என்று சிலர் ஆறாம் வகுப்பிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். முதலாமவர் தன் பொறுப்பை அல்லாஹ்வின் மீது போட்டுவிட்டு ஒதுங்குகிறார். இரண்டாமவர் அல்லாஹ்வின் முடிவைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முஃமினின் வழி எது? இந்த ஜும்ஆவில் அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானதா?

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னது நாம் அறிந்ததே. அதைவிடப் பெரிய பாடம் ஹிஜ்ரத்தில் இருக்கிறது. அல்லாஹ்வின் பாதுகாப்பு தமக்கு உண்டு என்பதில் நபியவர்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இருந்தும், மதீனா வடக்கே இருக்க, அவர்கள் முதலில் தெற்கே ஸவ்ர் குகைக்குப் போனார்கள். மூன்று இரவுகள் அங்கே தங்கினார்கள். மக்காவின் செய்தியைக் கொண்டுவர ஒருவர், உணவுக்கு ஒருவர், காலடித் தடத்தை ஆட்டு மந்தையால் அழிக்க ஒருவர் என எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம்கூட இல்லை. ஆனால் பாதையை நன்கறிந்தவர், நம்பத் தகுந்தவர்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. தவக்குலில் அனைவரையும் மிஞ்சியவர்கள்தாம் அத்தனை கவனமாகத் திட்டமிட்டார்கள். அடுத்து, எந்தத் துறையானாலும் அந்தப் பாதை தெரிந்தவரிடம்தான் கேட்டார்கள். பிள்ளையின் படிப்பு பற்றி டீக்கடையில் கேட்கிறோம். பள்ளி ஆசிரியரிடமும், அந்தப் படிப்பை முடித்தவரிடமும் கேட்பதில்லை.

பாதையில் எங்கே கதவுகள் இருக்கின்றன?

மிம்பரில் இதையெல்லாம் பேச வேண்டுமா என்று நினைக்காதீர்கள். தெரியாமல் போவதால் பிள்ளைகளின் உரிமை கைநழுவுகிறது என்றால், அதைச் சொல்வதும் நஸீஹத்தான்.

பிளஸ் டூவில் உயிரியல் இல்லாதவருக்கு மருத்துவப் படிப்பின் கதவு எளிதில் திறக்காது. கணிதம் இல்லாதவருக்குப் பொறியியல் அப்படித்தான். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குத்தான் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். மொழிப்பாடத்தில் எடுத்த மார்க் அதில் சேராது. நீட் தேர்வில் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டின் பாடமும் வரும். ஆகவே பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் ஓட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. மறுபக்கம், காமர்ஸ் எடுத்த பிள்ளை வீணாகிவிட்டது என்ற எண்ணமும் தவறு. சிஏ படிக்கலாம். சட்டம் படிக்கலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வை எந்த குரூப் மாணவரும் எழுதலாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. "பெரிய ஸ்கூல்" என்ற பெயருக்காகக் கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுபவர் எதை இழக்கிறார் என்று தெரிந்து மாற்றுகிறாரா? பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', மார்க் ஷீட்டில் 'எம்.டி.' என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும். கவுன்சலிங் வாசலில் நின்று அழுவதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே அதைத் திருத்திக்கொள்வதுதான் ஒட்டகத்தைக் கட்டுவது.

பிள்ளை யாருடையது?

பெற்றோர்களே, இப்போது நம் மனதைத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். இவ்வளவு திட்டமிடுகிறோமே, யாருக்காகத் திட்டமிடுகிறோம்?

இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றைக் குர்பானி சமயத்தில் கேட்கிறோம். அதில் ஒரு சொல்லைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். மகனை அறுப்பதாகக் கண்ட கனவைச் சொல்லிவிட்டு, இதில் உன் கருத்து என்ன என்று அவர்கள் மகனிடம் கேட்டதாகக் குர்ஆன் கூறுகிறது (37:102). நபிமார்களின் கனவு வஹீ. கட்டளை வந்துவிட்டது, அதற்கு மேல் பேச்சில்லை. அப்படியும் தந்தை மகனிடம் கேட்டார். அல்லாஹ்வின் கட்டளையிலேயே மகனின் கருத்தைக் கேட்டார் ஒரு நபி என்றால், நம் ஆசையில் பிள்ளையின் கருத்தைக் கேட்காமல் இருக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பால்குடியை நிறுத்துவதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்து ஆலோசித்து, மனம் ஒப்பிச் செய்ய வேண்டும் என்று குர்ஆன் சொல்கிறது (2:233). இரண்டு வயதுக் குழந்தையின் பாலுக்கே மஷூரா. பதினைந்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்துக்கு மஷூரா வேண்டாமா? பல வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் வாப்பா போனில் சொல்வதுதான் முடிவு. அந்தப் பிள்ளைக்கு எது வரும், எது வராது என்பது பக்கத்திலேயே இருக்கும் உம்மாவுக்குத் தெரியும். உம்மாவிடம் யாரும் கேட்பதில்லை.

பிள்ளை அமானத். அமானத்தை அதன் தன்மை கெடாமல் பேணுவதுதான் பொறுப்பாளனின் கடமை. நம்முடைய நிறைவேறாத கனவை ஏற்றி வைக்க அல்லாஹ் பிள்ளையைத் தரவில்லை.

அப்படியென்றால் பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதா? அதுவும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான். நண்பன் எடுத்த குரூப்பை எடுக்கிறேன் என்று பிள்ளை சொன்னால், ஏன் என்று கேளுங்கள். எந்தப் பாடத்தைச் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறான், எதில் மார்க் குறைந்தாலும் சோர்வதில்லை என்று பாருங்கள். கேட்பதும் பார்ப்பதும் சேர்ந்ததுதான் மஷூரா.

திறமையைப் பார்த்த நபி

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது ஏறத்தாழ 11 வயதுச் சிறுவர். பத்ருப் போருக்குப் புறப்பட ஆசைப்பட்டார். வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அந்தச் சிறுவருக்கு அது எத்தனை பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனால் அவர் குர்ஆன் அத்தியாயங்களை மனனமிட்டிருந்த அழகை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரை மாதத்துக்குள் அவர் கற்றுத் தேர்ந்ததாக அறிவிப்பில் வருகிறது. பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் காலத்தில் குர்ஆனை ஒன்று திரட்டும் மாபெரும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது.

மாணவச் செல்வங்களே, ஒரு கதவு மூடியதால் ஸைத் முடிந்துபோகவில்லை. வேறொரு கதவு அவருக்காகவே காத்திருந்தது. பத்ரில் இன்னொரு வாளாக இருப்பதைவிட, உம்மத்துக்கு அவர் பேனாவாக இருப்பதே தேவைப்பட்டது.

பெண் பிள்ளைகளின் பங்கு

மகனுக்குக் கோச்சிங், மகளுக்கு "பக்கத்தில் எந்தக் கல்லூரி இருக்கிறதோ அது" என்ற கணக்கு பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகளுக்கிடையே நீதியாக நடக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். நீதிபதி பஷீர் அஹ்மத் ஸயீத் அவர்கள் 1955-ல் சென்னையில் பெண்களுக்கென்று எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார்கள். வழியை முன்னோர்கள் போட்டுவிட்டார்கள். நடக்க விடுவதுதான் நம் வேலை.

ஹலாலான பாதை

நோக்கம் நல்லது என்பதால் வழி எதுவும் ஆகலாம் என்று மார்க்கம் சொல்லவில்லை. ஸ்காலர்ஷிப்புக்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்குபவர், தன்னைவிட ஏழையான ஒரு பிள்ளையின் பங்கை எடுக்கிறார். லஞ்சம் கொடுத்து வாங்கிய சீட்டில் பரக்கத்தைத் தேடாதீர்கள். வட்டிக் கடனில் விழும் நிலையும் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வருகிறது. முன்பே திட்டமிட்டால் அரசுக் கல்லூரி, உதவித்தொகை, ஜமாஅத்தின் பைத்துல்மால் என்று வழி தேட அவகாசம் கிடைக்கும். ஜமாஅத் நிர்வாகிகளே, பந்தலுக்கும் விருந்துக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வழிகாட்டலுக்கு ஒதுக்குங்கள். வசதியுள்ளவர்கள் தகுதியுள்ள ஏழை மாணவரின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முடிவு அவன் கையில்

முயற்சி நம்முடையது. முடிவு அல்லாஹ்வுடையது. இதைப் பிள்ளைகளுக்கு ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதல். பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே சொன்னால் அது ஈமான். மார்க் குறைந்ததற்காக உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். தற்கொலை ஹராம் என்று பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். அதோடு, தோற்றாலும் நீ என் பிள்ளைதான் என்று வாப்பாவும் உம்மாவும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது சொல்லாமலே தெரியும் என்று நினைக்காதீர்கள்.

டியூஷன் நேரத்துக்காக மஃரிபைக் கழா ஆக்கும் திட்டம், அல்லாஹ்வை வெளியே நிறுத்திவிட்டுப் போட்ட திட்டம். தொழுகையை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் அடுக்குங்கள். மஷூரா செய்யுங்கள், பிள்ளையையும் சேர்த்து இஸ்திகாரா தொழுங்கள். முடிவெடுத்த பிறகு அவன் மீது பொறுப்பைச் சாட்டி, அமைதியாக இருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்களின் திறமையைக் காணும் கண்ணையும், அவர்கள் பேச்சைக் கேட்கும் பொறுமையையும் எங்களுக்குத் தருவாயாக! கிடைத்ததில் பரக்கத்தையும், கிடைக்காததில் பொருத்தத்தையும் அவர்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.