உறுப்புகள் மாறினும் பொருள் மாறாதிருப்பது எவ்வாறு? – பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரொன்றைப் பேணுதல் பற்றிய ஓர் அறநோக்கு

மனிதன் ஆக்கிய எப்பொருளும் தேய்வுக்கு உட்பட்டது. தேய்ந்த உறுப்பை நீக்கி வேறோர் உறுப்பைப் பொருத்துவதையே பெரும்பாலும் பழுதுபார்த்தல் என்கிறோம். உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, ஈற்றில் ஆரம்பத்தில் இருந்தவற்றுள் ஒன்றேனும் எஞ்சாத நிலை தோன்றுமாயின் நம்முன் நிற்பது பழைய பொருளா, அன்றிப் புதியதொரு பொருளா? இவ்வினா மெய்யியலுக்குப் புதியதன்று. அதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலை, உக்கிய பலகைகளை நீக்கிப் புதியன பொருத்தி நெடுங்காலம் பேணிவந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்பது பற்றி அறிஞர் இரு பிரிவினராய் நின்று வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதினார். தோமஸ் ஹொப்ஸ் 1655 இல் வெளிவந்த தமது நூலில் இவ்வினாவை மேலும் கூர்மைப்படுத்தினார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அவற்றைக் கொண்டு இன்னொரு கப்பலைக் கட்டுவானாயின், இரண்டினுள் எது தீசியஸின் கப்பல்? கீழைத்தேயத்தில் இதனையொத்த வினா தேரை முன்வைத்து எழுந்தது. மிலிந்த மன்னன் ஏறிவந்த தேரின் அச்சு, சில்லு, நுகம் என்பனவற்றுள் எதுவும் தனித்துத் தேராகாது. அவை சேர்ந்தவிடத்து வழங்கும் பெயரே தேர் என்று நாகசேனர் காட்டியமை பாளி மரபை அறிந்தோர்க்குப் பழக்கமானது.

வகுப்பறையில் இவ்வாதங்கள் சொற்சிலம்பமாகத் தோன்றலாம். ஆனால், தம் வீட்டுக் கொட்டகையில் பழைய காரொன்றைப் பழுதுபார்க்கும் ஒருவருக்கு அவை சொற்சிலம்பம் அல்ல. எதை மாற்றுவது, எதை விடுவது, மாற்றியதைப் பிறரிடம் எவ்வாறு கூறுவது என்ற முடிவுகளை அவர் நாள்தோறும் எடுக்கவேண்டியுள்ளது. பொருளின் தனித்துவம் பற்றிய வினா இவ்விடத்தில் அறவினாவாக மாறுகின்றது. இம்மாற்றத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உதாரணமாக எம்.ஜி.பி. என்னும் காரை எடுத்துக்கொள்வோம். ஒக்ஸ்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் ஆக்கப்பட்டன. இது பெருஞ்செல்வர்க்கென அமைந்த வாகனமன்று. நடுத்தர வருவாயுடைய இளைஞர் ஒருவர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளிற் சில கருவிகளுடன் தாமே பேணக்கூடியதாக அமைந்தது. முன்சில்லுகளின் இணைப்புகளிற் கிறீஸ் செலுத்துவதற்கான முலைகள் உள்ளன. அவற்றுக்குக் குறித்த தூரத்துக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றாவிடின் இணைப்புத் தேய்ந்துவிடும். இரட்டை எஸ்.யூ. காபுரேற்றர்களின் மேற்குழாயிற் சிறிதளவு எண்ணெய் குறையாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒரே அளவு காற்றை உள்ளிழுக்கின்றனவா என்பதை அறிய, றப்பர்க் குழாயொன்றின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபுரேற்றரின் வாயிலும் வைத்துச் சீறும் ஓசையை ஒப்புநோக்குவர். இங்கு எஞ்சின் பேசுகின்றது; மனிதன் செவிசாய்க்கின்றான். தான் விரும்பியதை அது சொல்லவேண்டும் என்று அவன் வற்புறுத்த முடியாது. பொருளின் இயல்புக்குத் தன் விருப்பத்தை அடங்கச்செய்யும் இப்பயிற்சி, அறிவுத்துறைகள் அனைத்துக்கும் வேண்டப்படும் நேர்மையின் தொடக்கநிலை எனலாம்.

அந்நேர்மை கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் எஞ்சினன்று, காரின் உடலாகும். எம்.ஜி.பி.க்கு முன்னைய மாதிரியில் தனியான அடிச்சட்டகம் இருந்தது. எம்.ஜி.பி.யிலோ உடலே சட்டகம். கதவுகளின் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் நீளும் உருக்குப் பெட்டிப்பகுதியை ஆங்கிலேயர் வாயிற்படியைக் குறிக்கும் சொல்லாலேயே வழங்குவர். வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு ஆகியவை சேர்ந்தமைந்த இப்படியே, கூரையற்ற காரின் பாரத்தைப் பெருமளவு தாங்குகின்றது. நீரும் சேறும் உள்ளே தங்குவதால் கறள் உள்ளிருந்து வெளியே வருகின்றது. வெளித்தகட்டிற் சிறு கொப்புளம் தோன்றும்போது உட்தகடு பெரும்பாலும் அழிந்திருக்கும்.

இந்நிலையிற் பழுதுபார்ப்பவர்முன் இரு வழிகள் உள்ளன. முதலாவது, கொப்புளத்தைச் சுரண்டி, பசையால் நிரப்பி, தேய்த்து, வர்ணம் பூசுவது. இது இரண்டு நாள் வேலை. இரண்டாவது, காரைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, உடல் தொய்ந்துவிடாதவாறு கதவு வாயிலிற் குறுக்குக் கம்பி பொருத்தி, கறள் பிடித்த உருக்கை நல்ல உருக்கு வெளிப்படும்வரை வெட்டியெடுத்து, மூன்று தகடுகளையும் புதிதாக ஒட்டி, உட்குழிவுக்கு மெழுகு பாய்ச்சி மூடுவது. இதற்கு மாதங்கள் செல்லலாம். வேலை முடிந்தபின் இரு கார்களும் ஒன்றுபோலவே தோன்றும். செய்தவருக்கு மட்டுமே வேறுபாடு தெரியும். விபத்தொன்று நேரும் வேளையில் மட்டும் அவ்வேறுபாடு அருகில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியவரும்.

பிரித்தானியாவிற் பொதுவாகக் கார்கள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுதல் வேண்டும். ஆயின் 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு அப்பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. காரைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் கடமை நீங்கவில்லை. அதனைக் கண்டறியும் பரிசோதகரே நீங்கினார். எம்.ஜி.பி. கார்கள் அனைத்தும் இன்று இவ்வயதைக் கடந்தவை. எனவே, பார்ப்பார் இல்லாதவிடத்து ஒருவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்ற அறநூல் வினா, இக்கொட்டகைகளில் உருக்கும் பசையும் பற்றிய வினாவாக எழுந்து நிற்கின்றது.

இனி, தனித்துவம் பற்றிய வினாவுக்கு மீள்வோம். 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு உடலையுமே, பழைய அச்சுக்கருவிகளைப் பயன்படுத்தி ஆக்கப்பட்ட புதிய உடலாக வாங்க முடிந்தது. பழைய காரின் எஞ்சினையும் சில்லுகளையும் இருக்கைகளையும் அதற்கு மாற்றினால் கிடைப்பது எந்தக் கார்? தீவிரமாக மாற்றப்பட்ட வாகனங்களையிட்டு அந்நாட்டு வாகனப் பதிவு அதிகாரிகள் நெடுங்காலம் ஒரு புள்ளிமுறையைக் கையாண்டனர். அதன்படி பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் வேண்டும். மாற்றியமைக்கப்படாத உடலுக்கு, அது புதியதாயினும், ஐந்து புள்ளிகள். அச்சுகள், பற்சக்கரப் பெட்டி முதலியவற்றுக்கு இரண்டிரண்டு. எஞ்சினுக்கு ஒன்று மட்டுமே. காரின் உயிர் எனப் பலர் கருதும் எஞ்சினுக்கு அரசு அளித்த மதிப்பு இவ்வளவே. தீசியஸின் கப்பல் பற்றிய வாதத்தை ஓர் அலுவலகம் கூட்டல் கணக்காக மாற்றித் தீர்த்துக்கொண்டது எனலாம்.

நீதிமன்றமும் இவ்வினாவைச் சந்தித்தது. பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்ட் நம்பர் வன்' என்னும் கார் 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அது பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. 1932 இல் புறூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் விபத்துக்குள்ளாகிச் சாரதியின் உயிரைப் பறித்தது. அதன்பின் மீண்டும் வேறு உடலுடன் கட்டப்பட்டது. ஒரு கோடி பவுணுக்கு அதனை வாங்க உடன்பட்டவர்கள், இது அந்தக் காரே அன்று எனக் கூறிப் பின்வாங்கியமையால் 1990 இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. வெற்றிபெற்ற நாளிலிருந்த உறுப்புகளுட் சிலவே எஞ்சியிருந்தன என்பது தெளிவாயிற்று. எனினும், கார் ஒரே காலத்தில் மறைந்து வேறொன்றாகத் தோன்றவில்லை. அதன் வரலாறு முறியாது தொடர்ந்துள்ளது. ஆதலால் அப்பெயருக்கு அது உரியதே என்ற கருத்துப்பட நீதியரசர் ஒட்டன் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பு மெய்யியல் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. தனித்துவம் உலோகத்தில் இல்லை, தொடர்ச்சியில் உள்ளது என்பதே அதன் சாரம். அங்ஙனமாயின் அத்தொடர்ச்சியை அறிவது எவ்வாறு? உரிமையாளர் எழுதிவைத்த குறிப்புகள், பற்றுச்சீட்டுகள், புகைப்படங்கள், சொன்ன சொற்கள் ஆகியவற்றாலேயே அறியமுடியும். ஆகவே பொருளின் தனித்துவம் ஈற்றில் மனிதரின் வாய்மையிற் சென்று தங்குகின்றது. புதிய உடலைப் பொருத்திவிட்டு அதனை மறைப்பவர், அல்லது பழைய காரின் எண் தகட்டை வேறொரு காருக்கு மாற்றுபவர், வாங்குபவரை ஏமாற்றுவது மட்டுமன்று. அக்காரின் தொடர்ச்சியையே முறித்துவிடுகின்றார். சிறியதோர் உதாரணமும் உண்டு. 1967 வரை வெளிவந்த எம்.ஜி.பி.களிற் பற்றரியின் நேர்முனை உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. பின்வந்த மின்சாதனங்களைப் பொருத்துவதற்காகப் பலர் இதனைத் தலைகீழாக்கினர். அதிற் பிழையில்லை. அதனைக் குறித்துவையாது விடுவதே பிழை; அடுத்துக் கைவைப்பவர் நூலை நம்பி இணைப்பாராயின் சாதனங்கள் எரிந்துபோகும். பழுதுபார்ப்பவர் தமக்குப்பின் வரும் முகமறியாத ஒருவருக்கும் கடமைப்பட்டவர்.

புதுப்பித்தல் வேறு, பேணுதல் வேறு என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது அவற்றை அழிப்பதற்கே ஒப்பாகும் என ஜோன் றஸ்கின் 1849 இல் வாதிட்டார். அக்கருத்தைத் தொடர்ந்த வில்லியம் மொறிஸ் 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டிற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மொறிஸின் அச்சுக்கூடத்திற் பயன்பட்ட பொறியிலேயே 1908 இல் தமது சிங்களக் கலை பற்றிய நூலை அச்சிட்டார் என்பது இச்சிந்தனை நம் நாட்டையும் தொட்டமைக்குச் சான்றாகும். இவர்கள் போற்றியது இடையறாத சிறு கவனிப்பை. கிறீஸ் ஏற்றுதல், எண்ணெய் மாற்றுதல், மெழுகு பாய்ச்சுதல் என்பன அத்தகையன. அவை ஒழுங்காக நடைபெற்றிருப்பின் படியை வெட்டவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. ஆனால் இக்கொள்கையைக் கண்மூடிப் பின்பற்றுதலும் தகாது. பழைய தடைப்பட்டைகளிற் கல்நார் இருந்தது; அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஈயம் கலந்த பெற்றோலின் பொதுவிற்பனை பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றபின், வால்வுகள் அமரும் வளையங்களைக் கடினமானவையாக மாற்றுவது எஞ்சினைக் காக்கும். தொன்மைக்காக உயிரைப் பணயம் வைப்பது பேணுதலாகாது.

இவையெல்லாம் ஓய்வும் செல்வமும் உடையோரின் பொழுதுபோக்கு. இதில் அறம் எங்கிருந்து வந்தது என ஒருவர் வினவலாம். இவ்வினாவுக்கு நம்மவர் அனுபவமே விடை தருகின்றது. எம்.ஜி.பி.யின் எஞ்சின், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய கார்களின் எஞ்சின் வகையைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வீதிகளில் இக்குடும்பத்துக் கார்கள் நெடுங்காலம் ஓடின. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் செல்வது தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். கிடைத்த உறுப்பைக் கொண்டு கிடையாத உறுப்பை ஈடுசெய்தனர். அது முன்னைய கார்தானா என்று எவரும் கேட்கவில்லை. நோயாளி வைத்தியசாலையைச் சென்றடைவாரா என்பதே வினா. அங்கு தேவையே நீதிபதியாக இருந்தது. பொய்யான வேலையை வீதி அன்றே காட்டிக்கொடுத்தது. பொழுதுபோக்காகப் பழுதுபார்ப்பவருக்கு அத்தகைய நீதிபதி இல்லை. கார் ஆண்டில் சில நாட்களே ஓடும். பொய் நெடுங்காலம் மறைந்திருக்கும். ஆதலால் அவருக்கு வேண்டப்படும் நேர்மை குறைவானதன்று, கூடியதே.

நாகசேனர் கூறியவாறு தேர் என்பது ஒரு பெயரே என ஏற்றுக்கொள்வோம். ஆயினும் அப்பெயரை நம்பியே ஒருவர் தேரில் ஏறுகின்றார். தாங்கும் என நம்பிப் படியில் மிதிக்கின்றார். நிற்கும் என நம்பித் தடையை அழுத்துகின்றார். பெயர் இவ்வாறு பிறர்க்கு அளிக்கப்பட்ட வாக்குறுதியாகின்றது. உறுப்புகள் அனைத்தும் மாறினும் அவ்வாக்குறுதி காக்கப்படுமிடத்துப் பொருள் தொடர்கின்றது. ஓர் உறுப்பும் மாறாதிருப்பினும், உள்ளே கறளும் வெளியே வர்ணமுமாக அவ்வாக்குறுதி மீறப்படுமிடத்துப் பெயர் மட்டுமே எஞ்சுகின்றது. பொருளின் தனித்துவம் நாம் கண்டுபிடிப்பதன்று. பேணுவோர் கையால் நாள்தோறும் காக்கப்படுவது.