இளைய மகவுக்கு இடும் பெயர்

இல்லறத்தார்க்கு மிகவும் அணுக்கமானதொரு செய்தியை இம்முறை எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்குழந்தைக்குப் பெயர் அமைவது எளிது. பாட்டனார் பெயரோ, ஊர் ஜினாலயத்து மூலநாயகரின் திருநாமமோ முன்னரே மனத்தில் நிற்கும். இரண்டாவது குழந்தை பிறந்ததும்தான் இல்லத்தில் வாதம் எழுகின்றது. மூத்தவன் பெயரோடு ஓசை இயைய வேண்டும் என்பார் தந்தை. முதலெழுத்து ஒன்றாயிருத்தல் நலம் என்பார் தாய். இருவரையும் ஒருசேர அழைத்தால் நாவுக்கு எளிதாயிருக்க வேண்டும் என்பது பாட்டியின் விருப்பம். நாள்தோறும் பலமுறை அழைக்கப் போகின்றவர் அவரே ஆதலின் அவர் சொல்லையும் புறந்தள்ளுதற்கில்லை. இவ்வாறு பேசிப் பேசிப் பொருளே இல்லாத ஓர் ஓசையைப் பெயரென்று சூட்டிவிடுகின்ற வழக்கம் நம்மவரிடையேயும் பெருகி வருகின்றது. அண்ணன் ஜினதாசனாக இருக்க, தம்பியின் பெயருக்குப் பொருள் யாதெனப் பெற்றோராலேயே சொல்ல இயலாத நிலை!

உடன்பிறந்தார் பெயர்கள் ஒன்றோடொன்று இயைவதை நம் நூல்கள் விலக்கவில்லை. ஆதிபகவன் விருஷப தேவரின் மக்களுள் அனந்தவிஜயன், அனந்தவீரியன் என்னும் இருவரையும் வீரன், வரவீரன் என்னும் இருவரையும் மகாபுராணம் அடுத்தடுத்துக் கூறுகின்றது. பகவானின் அரச மாளிகையிலேயே இயைபு வழங்கியது என்றால் நாம் அதனைக் குறை கூறுவது எங்ஙனம்? ஆயினும் அப்பெயர்களைச் சற்றே ஊன்றி நோக்குங்கள். அனந்தவிஜயன் எல்லையற்ற வெற்றியை உடையவன். அனந்தவீரியன் எல்லையற்ற ஆற்றலை உடையவன். அனந்த ஞானம், அனந்த தரிசனம், அனந்த சுகம் ஆகியவற்றோடு கேவலிகளிடம் விளங்கும் நான்கனுள் ஒன்று அது. தமையன் பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த பெயரன்று. அந்த அனந்தவீரியரே இவ்வவசர்ப்பிணியில் முதன்முதல் வீடுபேறு எய்தியவர் என்று ஜினசேனாசாரியர் உரைக்கின்றார். பரதனும் பாகுபலியும், பிராமியும் சுந்தரியும் அதே மாளிகையில் வளர்ந்தவர்களே. அவர்கள் பெயர்களிடையே எவ்வித எதுகையும் இல்லை. பகவான் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். ஒருத்திக்குக் கற்பித்ததையே மற்றவளுக்கும் ஒப்பிக்கவில்லை.

சீவக சிந்தாமணியிலும் இந்த இருவகையும் ஒரே இல்லத்தில் காணலாம். கந்துக்கடன் மனையில் நபுலன், விபுலன் என்று ஓசை பிறழாத பெயருடைய தம்பியர் இருந்தனர். சீவகனோ சுடுகாட்டில் பிறந்து, அவன் தும்மியபோது எழுந்த வாழ்த்துச் சொல்லையே பெயராகப் பெற்றவன். பெயரால் அவன் அவ்வீட்டில் தனித்து நின்றான். அதனால் உடன்பிறப்பின் அன்பு ஏதேனும் குறைந்ததா? நந்தட்டன் தன் தமையனைத் தேடி அலைந்த அன்பைத் திருத்தக்கதேவர் பாடியிருப்பதை நீவிர் அறிவீர்.

இனி, பெயர் என்பது யாது என்பதையே சற்று ஆராய்வோம். தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயம், ஐந்தாம் சூத்திரத்தில் பொருள்களை அறிதற்குரிய நான்கு நிக்ஷேபங்கள் கூறப்படுகின்றன: நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம். பண்பு இருக்கின்றதா இல்லையா என்று நோக்காமல், வழங்குதற்பொருட்டு இட்டழைப்பது நாம நிக்ஷேபம். இந்திரன் என்று பெயரிடப்பட்ட சிறுவனிடம் தேவர்கோனின் தன்மை ஒன்றும் இல்லை. இருப்பினும் அழைத்தால் திரும்பிப் பார்க்கின்றான். பண்பு உண்மையில் விளங்கும்போது கூறப்படுவது பாவ நிக்ஷேபம். பெற்றோர் தரக்கூடியது நாமம் ஒன்றே. பாவத்தை அவ்வுயிர்தான் ஈட்டிக்கொள்ள வேண்டும். இதனை உணர்ந்தவர் எண் கூட்டிப் பெயரில் எழுத்தொன்றை மிகுத்துத் தருவாரிடம் பொருளை இழக்கமாட்டார். பெயரிடும் கிரியைக்கும் நாமகர்மம் என்றே பெயர். எண்வினைகளுள் ஒன்றுக்கும் நாமகர்மம் என்றே பெயர். உடலும் உருவும் குரலும் நடையும் அமைவது 93 உட்பிரிவுகளையுடைய அந்த வினையால். எழுத்தைக் கூட்டி அதனைத் திருத்திவிடலாம் என்பது மித்தியாத்துவம்.

பெயர் வினையை மாற்றாது என்றால், எப்பெயரை இட்டால்தான் என்ன என்று வினவக்கூடும். இதற்கு விடை காண, நம் நாட்டோடு தொடர்புடைய இரு சகோதரர்களை நினைவுகூர்வோம்.

அகளங்கர், நிஷ்களங்கர் என்னும் இருவரின் வரலாற்றைக் கதாகோசங்கள் கூறுகின்றன. இரு பெயர்க்கும் பொருள் ஒன்றே: மாசற்றவர். இதனினும் நெருக்கமான இணைப்பெயர் கிடைத்தல் அரிது. ஒருமுறை கேட்டதை மனத்தில் இருத்தும் ஆற்றல் தமையனுக்கும், இருமுறை கேட்டால் இருத்தும் ஆற்றல் தம்பிக்கும் இருந்தன. தம் சமயத்தை மறைத்து இருவரும் பௌத்தப் பள்ளியொன்றில் தருக்கம் பயின்றனர். ஒருநாள் உண்மை வெளிப்பட, உயிர் பிழைக்க ஓடினர். குதிரை வீரர் பின்தொடர்ந்து நெருங்கினர். அப்போது நிஷ்களங்கர் தமையனை நோக்கி, ஒருமுறை கேட்டே கற்கும் நீரே அறத்திற்கு மிகவும் வேண்டப்படுபவர் என்றும், அருகிலிருந்த தாமரைக் குளத்தில் மறைந்து உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் மன்றாடினார். அகளங்கர் குளத்தில் மறைந்தார். தம்பி ஓடிக்கொண்டேயிருந்தார். வழியில் ஆடை வெளுத்துக்கொண்டிருந்த ஒருவனும் அச்சத்தால் அவரோடு சேர்ந்து ஓட, வீரர்கள் அவ்விருவரையும் தாம் தேடிவந்தவர் எனக் கருதிக் கொன்றனர்.

எஞ்சிய அகளங்கரே தத்துவார்த்த ராஜவார்த்திகமும் அஷ்டசதியும் இயற்றிய பேராசிரியர். 8-ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆய்வாளர். காஞ்சியில் ஹிமசீதள மன்னன் அவையில் அவர் வாதில் வென்றார் என்பது மரபு. செய்யாற்றுப் பகுதியிலுள்ள கரந்தையும் திருப்பணமூரும் அவர் நினைவை இன்றளவும் போற்றி வருகின்றன. அகளங்கன் என்னும் பெயர் நம் குடும்பங்களில் வழங்குகின்றது. நிஷ்களங்கன் என்று பெயரிட்டார் எத்தனைப் பேர்? அவர் நூலொன்றும் எழுதவில்லை, எவ்வவையிலும் வாதிடவில்லை. கூரிய அறிவில் தாம் இரண்டாமவர் என்பதையும் நன்கறிந்திருந்தார். ஆயினும் குளக்கரையில் முடிவெடுத்தவர் அவரே. தமையன் பெயரின் எதிரொலி போலத் தோன்றும் ஒரு பெயர், அந்தக் கரையில் எவர் துணையுமின்றித் தனித்து நின்று தன் பொருளைக் காட்டியது. பௌத்தர்பால் பகைமை வளர்ப்பதற்கு இக்கதையைச் சொல்வாரும் உளர். அஃது இக்கதையின் பயன் என்று நாம் கருதவில்லை.

பெற்றோர் அஞ்ச வேண்டிய இடம் ஒன்றுண்டு. பெயர்களை இணையாக வைத்தவர்கள், தம்மை அறியாமலே குழந்தைகளையும் இணையாக நிறுத்தி அளக்கத் தொடங்கிவிடுகின்றனர். அண்ணன் இவ்வயதில் நான்கு பாசுரம் ஒப்பித்தான், அக்காள் கணக்கில் நூறு வாங்கினாள் என்று இளையவர் காதுபட எத்தனை முறை கூறப்படுகின்றது! பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் ஏகத்துவத்தை நாம் சிந்திப்பது எதற்காக? தனித்தே பிறந்து, தனித்தே வினைப்பயனை நுகர்ந்து, தனித்தே பிறிதோர் உடலுக்குச் செல்லும் உயிர், உம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் உயிரும்தான். அது மூத்ததன் மறுபதிப்பாக வரவில்லை. ஆதலின் இளைய மகவுக்கு நினைத்த பெயரைத் தனியே ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மூத்தவர் பெயரை அருகில் வைக்காவிடினும் அதற்குப் பொருளும் பெருமையும் உண்டா? அக்காள் மணமாகி வேற்றூர் சென்றபின் தம்பியின் பெயர் பாதி வாக்கியம்போல் நிற்குமா? நிற்காதெனில், ஓசை இயைந்தாலும் இயையாவிட்டாலும் அப்பெயரை அஞ்சாது இடலாம்.

பொருளால் இணைவதே சாலச் சிறந்தது என்பது நம் கருத்து. யசோதர காவியத்தில் வரும் அபயருசி, அபயமதி என்னும் அண்ணன் தங்கையைப் பாருங்கள். அபயம் என்னும் ஒரு சொல்லை இருவர்க்கும் பொதுவாக்கி, ஒருவனுக்கு அதில் விருப்பத்தையும் ஒருத்திக்கு அதில் அறிவையும் பகிர்ந்தளித்தாற்போன்ற பெயர்கள். சண்டமாரி கோயிலில் மாரிதத்தனின் வாளின் முன் பலியாக நிறுத்தப்பட்டபோது அவ்விளந்துறவியர் அஞ்சவில்லை, ஒருவரையொருவர் தேற்றினர். அவர்கள் எடுத்துரைத்த பிறவி வரலாறு அரசனையே கொலைத்தொழிலினின்று மீட்டது. மூத்தவனுக்குச் சாந்திநாதர் திருநாமத்தை இட்டவர், இளையவனுக்கு அடுத்துத் தோன்றிய குந்துநாதரின் திருநாமத்தை இடலாம். இருவரும் அத்தினாபுரத்தில் தோன்றிச் சக்கரவர்த்தியாயிருந்து தீர்த்தங்கரரானவர்கள். செவிக்கு எட்டாத இயைபு இது. குழந்தைகள் வளர்ந்தபின் கேட்டால் சொல்வதற்கு ஒரு வரலாறும் இருக்கின்றது.

வீட்டில் ஒருமைப்பாடு ஏற்படவில்லையெனில், மகாபுராணமே ஒரு வழி வகுத்துள்ளது. கர்ப்பான்வய கிரியைகள் 53-இல் ஏழாவது நாமகர்மம். பிறந்த பன்னிரண்டாம் நாளிலோ அதன்பின் வரும் நல்ல நாளிலோ, ஜினரின் 1008 திருநாமங்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அவற்றுள் ஒன்றை எடுத்துச் சூட்டலாம் என்று ஜினசேனர் விதிக்கின்றார். இக்காலத்தில் ஓலைக்குப் பதிலாகத் தாள் நறுக்குப் போதும். 1008-ஐயும் எழுத நேரமில்லாதோர், உபாத்தியாயரைக் கலந்து, பொருள் தெளிந்த சில திருநாமங்களையேனும் எழுதலாம். பெண்மகவாயின் பெண்பாலுக்கேற்ற வடிவில் எழுதுக. பூசை முடிந்து குழந்தையின் செவியில் பஞ்சமந்திரம் ஓதியபின், குடத்துள் கையிட்டு எடுக்கும் உரிமையை மூத்த குழந்தைக்கே கொடுங்கள். படிக்கத் தெரிந்த பருவமாயின், பெயரை உரக்கப் படிப்பதும் அக்குழந்தையாகவே இருக்கட்டும்.