வணங்க ஒரு முகம், விசாரிக்க ஒரு முகம்

கிழக்கிந்தியக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு ஜவ்வாது மலை ஏறியவர் அல்ல. ஆனால் 1792-இல் திப்பு சுல்தானோடு அவர் செய்த உடன்படிக்கையில்தான் மலையின் மேற்கு அடிவாரத்துத் திருப்பத்தூர், பாராமகால் சீமையோடு சேர்ந்து கும்பினியிடம் போனது. நான் ஓவிய ஆசிரியன். கெயின்ஸ்பரோ 1783-இல் தீட்டிய அவர் படத்தின் அச்சுப் பிரதியை வகுப்பில் மாட்டியிருக்கிறேன். சிவப்புக் கோட்டு, சதைப்பற்றான முகம், பதற்றமில்லாத பார்வை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் அமெரிக்காவில், யார்க்டவுனில், படையோடு சரணடைந்திருந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி, சரணடையும் சடங்குக்குத் தன் கீழ் அதிகாரியை அனுப்பினார். படத்தில் அந்தத் தோல்வியைத் தேடினால் கிடைக்காது.

அதே ஜவ்வாது மலையிலிருந்து இறங்கினால் வேறு வகை நினைவு: செங்கத்து நடுகற்கள். எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரன். பக்கத்தில் அவனுடைய நாய். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக்கூடக் கோவிவன் என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். வீரனின் முகச்சாயலைப் பிடிக்கச் சிற்பி மெனக்கெடவில்லை.

இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கற்கள் பல இன்று வேடியப்பன் என்ற சாமி. ஒன்றுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த கிழவியிடம், "இது யாரு ஆயா?" என்று கேட்டேன்.

"சாமிதான் சார். நம்ம ஆடு மாட்டக் காக்குறவரு."

பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது. செத்தவனுக்கு வேலை மட்டும் மிச்சம்.

கல்லில் கடவுள் இருக்கிறாரா என்பது பழைய வழக்கு. என் கேள்வி வேறு: முகம் தெரியாத ஒருவரை இவ்வளவு நெருங்க முடிவது எப்படி? படத்துக்கு ஆள் வந்து உட்கார வேண்டும். கல்லுக்கு ஆள் போயிருக்க வேண்டும். உட்கார்ந்தவர் எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று தீர்மானிக்கலாம். போனவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனைப் பற்றி, ஊர் அவனுக்குப் பட்ட கடன்தான் பேசுகிறது. கடனுக்கு முகச்சாயல் தேவைப்படுவதில்லை.

ஆனால் கல்லும் எல்லார் பக்கமும் பேசாது. கடிபட்ட கள்ளர்களுக்கும் வீட்டில் அழ ஆள் இருந்திருக்கும்; அவர்கள் பெயர் கல்லில் இல்லை. ஓவியமோ சில சமயம் தன்னை மீறிச் சாட்சி சொல்லிவிடுகிறது. திப்புவின் இரண்டு இளம் மகன்களைக் காரன்வாலிஸ் பிணையாக ஏற்றதை ராபர்ட் ஹோம் பெரிய ஓவியமாக வரைந்தார். வெற்றியைக் கொண்டாட வரைந்ததுதான். அதே படத்தில் தோற்றவர் வீட்டுப் பிள்ளைகளும் என்றைக்குமாக நின்றுவிட்டார்கள்.

கும்பிட முகம் வேண்டாம், கணக்குக் கேட்க முகம் வேண்டும். அதனால் காரன்வாலிஸை வகுப்புச் சுவரிலிருந்து நான் கழற்றுவதாக இல்லை.