ஒற்றையடிப் பாதை

நாட்டிலே செய்யவேண்டிய பணி மலைபோல் குவிந்து கிடக்கிறது. அப்படியிருக்க, ஒருவன் தோளிலே ஒரு பையை மாட்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரையும் அழைக்காமல் மலையேறிச் செல்கிறான். பகலெல்லாம் காட்டு வழியே நடக்கிறான். அருவி கண்ட இடத்தில் ஆசை தீர நீராடுகிறான். அந்தி சாய்ந்ததும் வீடு திரும்புகிறான். இது முறையா? தன்னலம் அல்லவா? உலகை வெறுத்து ஓடிய துறவிகளை எள்ளி நகையாடும் பகுத்தறிவாளன், தானும் ஒருநாள் துறவியாவது பொருந்துமா?

தோழர் சிலர் எழுப்பும் இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. கடமை உணர்ச்சி மிக்கவர்களுக்கே தோன்றக்கூடிய கேள்வி இது. ஆகவே நின்று நிதானித்து விடை காண்பது நம் பொறுப்பு.

துறவியும் மலைக்குத்தான் போகிறான். பயணியும் மலைக்குத்தான் போகிறான். ஆனால், துறவி உலகம் பொய்யென்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளப் போகிறான். பயணியோ உலகத்தை இன்னும் சற்று நன்றாகப் பார்க்கவேண்டுமென்று கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் போகிறான். முன்னவன் திரும்பி வருவதில்லை. வந்தால் மடத்துக்கு வருவான். பின்னவன் மறுநாள் காலையில் தொழிற்சாலைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, கழனிக்கோ வந்து சேருகிறான். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நேர்மையாகாது.

எங்கள் பவானியிலேயே இதற்குச் சான்று உண்டு. நீலமலையில் பிறந்து, அட்டப்பாடியைச் சுற்றி, மீண்டும் தமிழ் மண்ணுக்கு வந்து, காவிரியோடு கலக்கும் ஆறு பவானி. கலக்கும் இடமான கூடுதுறைக்கு நாள்தோறும் மக்கள் வருகிறார்கள். பாவம் கரையும், பிதுர்க்கடன் தீரும் என்று நம்பி மூழ்குகிறார்கள். மந்திரம் சொன்னவருக்குத் தட்சணை தருகிறார்கள். அதே ஆறு, கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே கொடிவேரி அணையிலே சிற்றருவியாகச் சரிந்து விழுகிறது. அங்கேயும் மக்கள் கூடுகிறார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிய தந்தை, கூச்சலிடும் சிறுவர்கள், சிரித்து மகிழும் முதியோர்! நீர் ஒன்றே. ஓரிடத்தில் அது அச்சத்தைப் போக்கும் மருந்தென விற்கப்படுகிறது. மற்றோரிடத்தில் விலையில்லா இன்பமாக வழிகிறது. ஆண்டவனை நம்பாதவனுக்கு அருவியின் முன் வியப்பு எழாது என்று எவரேனும் சொன்னால், அவரைக் கொடிவேரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வியப்புக்குப் பூசாரி தேவையில்லை.

சரி, இன்பம் குற்றமன்று. ஆனால் அது எவ்வாறு நமக்குக் கிடைத்தது? மலைக்குச் செல்பவனுடைய நாளைப் பிரித்துப் பாருங்கள். இரண்டே பொருள்கள்தாம் மிஞ்சும்: நடக்க ஒரு வழி, குளிக்கவும் குடிக்கவும் நீர். இந்த நாட்டிலே இந்த இரண்டையுந்தானே சாதி மறுத்து வைத்திருந்தது!

வைக்கத்திலே கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கக்கூடாதென்று ஈழவரையும் புலையரையும் தடுத்தார்கள். 1924ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அங்கே போராட்டம் மூண்டது. தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில், ஈரோட்டிலிருந்து புறப்பட்டுச் சென்றார் பெரியார். இருமுறை சிறை புகுந்தார். 1925 நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது, மூன்று புறத்துத் தெருக்கள் அனைவருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு திறக்க 1936 வரை காத்திருக்க நேர்ந்தது. கோயிலுக்குள் நுழைவதற்கல்ல தோழர்களே, தெருவிலே கால் வைப்பதற்கு அத்தனை போராட்டம்!

நீருக்கும் அதே கதைதான். மராட்டிய நாட்டு மகாடு ஊரிலே, 1927 மார்ச்சு 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். ஆடும் மாடும் குடித்த குளம் அது. மனிதன் தொட்டதும் தீட்டாகிவிட்டதென்று, சாணத்தையும் பாலையும் கொட்டி அதைத் ‘தூய்மை’ செய்தார்கள் சாதி வெறியர்கள்.

இன்று ஓர் இளைஞன், சாதி கேட்பாரின்றி மலைவழியே நடந்து, அருவியிலே தலையை நீட்டி நிற்கிறான் என்றால், அவன் காலடியிலே வைக்கம் இருக்கிறது. அவன் தலைமேல் மகாடு வழிகிறது. தனியே நடக்கும் உரிமை, கூட்டமாகப் போராடிப் பெற்ற உரிமை.

இன்னும் உற்று நோக்கினால், தனியே நடப்பதென்பதே ஒரு தோற்றந்தான் என்பது விளங்கும். அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்கு ஏறும் பக்கத்திலே, காட்டுக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதைகள் பல. ஒற்றையடி என்பது பெயர்தான். ஒருவனுடைய அடியால் அது உண்டாகவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேன் தேடியும் விறகு சுமந்தும் மாடு ஓட்டியும் சென்ற மலைமக்களின் பல்லாயிரம் காலடிகள் அழுத்தி அழுத்தி இட்ட கோடு அது. செந்நிறத்தில் வெண்திட்டு விழுந்த பர்கூர் மாடுகளின் குளம்புக்கும் அதிலே பங்குண்டு. இன்று காப்புக் காடுகளிலே இசைவின்றி எவரும் நுழைய முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2024இல் தமிழக அரசு நாற்பது மலைவழிகளை முறைப்படுத்தித் திறந்தபோது, வழிகாட்டிகளாக மலைவாழ் இளைஞர்களையே அமர்த்தியது. யானை எங்கே நிற்கும், தீ எப்பக்கம் திரும்பும் என்பதை அறிந்தவர் அவரல்லவா!

அந்த வழியை இட்டவர்களின் நிலை என்ன? வீரப்பனைத் தேடிய நாட்களில், இம்மலைகளின் சோளகரும் பிறரும் அதிரடிப்படையினரால் பட்ட கொடுமைகளை மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2007இல் 89 பேருக்கு இடைக்கால இழப்பீடு வழங்க ஆணை பிறந்தது. வழக்கறிஞர் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ என்னும் புதினம் அந்தத் துயரத்தைப் பேசுகிறது. நமக்கு அமைதி தரும் அதே காட்டிலே, அவர்களுக்குத் தம் சொந்தக் காலடியே குற்றச்சாட்டாயிற்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய மேய்ச்சல் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2022இல் காட்டு மேய்ச்சலுக்கு நீதிமன்றத் தடை வந்தது. பின்னர் அது சரணாலயங்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் உரியதாகச் சுருக்கப்பட்டது. 2024 சனவரியில் பர்கூர்ப் பகுதிக் காடுகள் சரணாலயமாயின. சூட்டப்பட்ட பெயர், தந்தை பெரியார். விலங்கைக் காப்பது வேண்டியதே, மறுப்பவர் யார்? ஆனால் வழிநடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர் பெயர் தாங்கிய காட்டிலே, வழியமைத்த மக்கள் தங்கள் மாட்டோடு நடக்கலாமா கூடாதா என்று கவலைப்பட்டு நின்றால், அந்தப் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை என்ன?

பெண்ணின் நிலையையும் கேளுங்கள். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலை. பூப்பெய்திய பெண் அங்கே ஏறலாகாது என்ற வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பொதிகையின் அகத்தியர் மலையிலும் அப்படியே. தமிழ் வளர்த்த முனிவர் உறைவதாகப் புராணம் கூறும் அந்தச் சிகரத்திலே, தாய்மொழியை ஊட்டி வளர்த்த தாய்க்குலத்துக்கு இடமில்லை! கேரள உயர்நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், 2019 சனவரியில் தன்யா சனல் என்ற பெண்மணி அச்சிகரத்தை அடைந்தார். அங்கே வாழும் காணிக்காரர் அதை எதிர்த்தனர்.

இங்கேதான் நம் அறிவுக்குச் சோதனை. மலைமக்களின் நில உரிமைக்காக வாதாடும் நாம், அவர்களுடைய இந்த வழக்கத்தையும் ஏற்பதா? இல்லை. அவர் தம் மண்ணில் நடக்கலாம் என்பதற்கு எது காரணமோ, அதுவேதான் பெண்ணும் நடக்கலாம் என்பதற்குக் காரணம். பிறப்பைக் காட்டிப் பாதையை மறிக்காதே என்ற ஒரே நீதி! அதை ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தால், அது நீதியாகாது; சலுகையாகிவிடும். ஆனால், காணிக்காரரிடம் அதைச் சொல்லும்போது, எசமானாக நின்று சொல்லாமல் தோழனாக அமர்ந்து சொல்லவேண்டும். மலையைச் சூழ்ந்த சமவெளியிலே தன் தங்கையைத் தனியே பேருந்தேற விடாதவனுக்கு, மலைவாசியைத் திருத்த என்ன தகுதி?

பவானி ஜமக்காளம் நாடறிந்தது. அதை நெய்பவரின் கால்களை நினைத்துப் பாருங்கள். ஓரிடத்திலே அமர்ந்தபடி நாளெல்லாம் மிதியை மிதிக்கும் கால்கள்! அவை கடந்த தொலைவைக் கணக்கிட்டால் எத்தனை மலைகளோ ஏறி இறங்கியிருக்கும். ஆயினும் வடக்கே வானில் தெரியும் மலையை ஒருமுறையும் தொட்டிரா. அவருக்கு இல்லாதது ஆசையன்று, ஓய்வு. 1923 மே முதல் நாளன்று சென்னையிலே சிங்காரவேலர் தொழிலாளர் நாள் கொண்டாடியது எதற்காக? உழைப்புக்கு வரம்பு வேண்டுமென்பதற்காக. வரம்புக்கு அப்பால் மிஞ்சும் நேரத்திலேதான் மனிதன் மனிதனாக இருந்து பார்க்கிறான். பாடுகிறான், படிக்கிறான், அருவி காணச் செல்கிறான்.

ஆகவே, தோழர்கள் எழுப்பிய கேள்விக்கு விடை இதுதான். மலைக்குச் செல்வது தன்னலமன்று. தான் சென்ற வழியிலே பிறர் வரலாகாது என்பதற்குத் துணைபோவதும், பிறர் வரமுடியாமல் நிற்பதைக் கண்டும் காணாதிருப்பதுமே தன்னலம். அருவியிலே நனைந்தவன் கடன்பட்டவன். வழியமைத்த சோளகனுக்கும், வாசலிலே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும், தறியிலே கட்டுண்ட நெசவாளிக்கும் அவன் கடன்பட்டவன். அந்தக் கடனைக் கூடுதுறையிலே எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தீர்க்க முடியாது. ஊரிலே உழைத்துத்தான் தீர்க்கமுடியும்.

செல்லுங்கள், இளைஞர்களே! தனியே செல்லுங்கள். களைப்பு வரும்வரை நடந்து, கண் நிறையும்வரை பாருங்கள். திரும்பி வரும்போது, அடுத்த முறை அந்த வழியில் நடக்கவேண்டியவர் யார், இன்று அவரைத் தடுப்பது எது என்பதையும் கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.